கொச்சங்காடியில் விடுபட்ட வீடு

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய வாரத்தில், திங்கள் முதல் வியாழன் வரை, கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்துவிட்டு வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கதை தேடிப் போனேன். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: கோவையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினான்கு வருடமாக கவுண்டரில் நிற்கிறேன். ஃபிரேமை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும்போது மனிதர்கள் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். மருமகளைப் பற்றி, சர்க்கரை நோயைப் பற்றி, விற்ற வீட்டைப் பற்றி. நான் எழுதிய பதினேழு சிறுகதைகளில் பாதிக்கு மேல் அந்தக் கவுண்டரில் கிடைத்தவை. கூட வேலை செய்கிறவர்களின் கதைகளும் உண்டு. அதில்தான் வினை. அவர்கள் விழித்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் நான் சாப்பாட்டு டப்பாவோடு போய் உட்கார்ந்தால் "அவ வந்துட்டா, பார்த்துப் பேசு" என்று பேச்சு நின்றுவிடுகிறது. ஒன்றரை வருடமாக ஒரு கதையும் வரவில்லை. ஒரு சிற்றிதழின் ஆண்டு மலருக்கு மாதக் கடைசிக்குள் கதை தருவதாக வாய் கொடுத்துவிட்டு, தினமும் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாலு நாள் எங்கயாவது போய்ட்டு வா, வீட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழற" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை.

இந்த வலைப்பூவில் அடிக்கடி வரும் கேள்வி, "கதைக்கு ஐடியா எங்கிருந்து கிடைக்கிறது?" என்பது. பெரிய மனுஷிபோல நீளநீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். காதைத் திறந்து வையுங்கள், எப்போதும் ஒரு நோட்டு வைத்திருங்கள், பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்காராதீர்கள், நடுப்பக்கம் உட்கார்ந்தால்தான் பேச்சு காதில் விழும் என்றெல்லாம். என் மருந்தை நானே குடித்துப் பார்க்கலாம் என்றுதான் கிளம்பினேன். மட்டாஞ்சேரி ஏன் என்றால், எனக்கு மலையாளம் அரைகுறை. அங்கே தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒட்டுக் கேட்பதற்கு மொழி தெரிய வேண்டுமே.

திங்கள் காலை 6.10-க்கு உக்கடத்தில் பஸ். 7.50-க்குப் பாலக்காடு. அங்கே இரண்டு இட்லி, ஒரு சாயா. 8.20-க்கு எர்ணாகுளம் போகும் பஸ், டிக்கெட் 176 ரூபாய். வைட்டிலாவில் இறங்கும்போது மணி 12.35. வைட்டிலா பஸ் நிலையத்தில் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, பெண்கள் குறித்துக்கொள்ளலாம். 1.15-க்கு மட்டாஞ்சேரி டவுன் பஸ், 20 ரூபாய், சுமார் 13 கிலோமீட்டர். தேவரா தாண்டிப் பாலம் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். நான் நடுப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களும் வழி முழுக்க ஒரு தையல் மெஷினைப் பற்றியே பேசினார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில், சரக்குக் கிட்டங்கிகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில், காதர் பாய் என்பவரின் மாடி அறையில் தங்கினேன். கீழே கயிறும் சாக்கும் விற்கும் அவருடைய கடை. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், போனில் இந்தி. அறை ஒரு நாளுக்கு 900. பையை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு, "சேச்சி, காலைல வெளிய எறங்கும்போது செருப்பு போடாதீங்க கேட்டோ, நனைஞ்சு போகும். விருச்சிக மாசம் வேலியேற்றம் உண்டு" என்றார். வேலியேற்றம் என்றால் கடல் ஏற்றம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் பௌர்ணமி, அமாவாசை ஒட்டி விடியற்காலையில் காயல் பொங்கி, ஓடைகள் வழியாக ஊருக்குள் வந்துவிடுகிறது. மழையே வேண்டாம். வானம் தெளிவாக இருக்கும்போதே வீட்டுக்குள் தண்ணீர்.

செவ்வாய் காலை 6.30-க்கு ஜன்னலைத் திறந்தேன். தெரு இல்லை. கலங்கிய பச்சைத் தண்ணீர் சத்தமில்லாமல் கிடந்தது. ஒரு பிளாஸ்டிக் குடம் கிட்டங்கிக் கதவை மெல்ல இடித்துக்கொண்டிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக இறங்கினேன். என் முதல் நினைப்பு, அட, இது நல்ல தொடக்கம் என்பதுதான். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கும் சாக்கடை நாற்றமும். ஓடைக்கரையில் பதினைந்து, இருபது சின்ன வீடுகள். ஒவ்வொரு வீட்டு முன்பும் நின்று சுவரைப் பார்ப்பதும், குனிந்து எழுதுவதுமாக நடந்தேன்.

"மேடம்! இங்கயும் வாங்க. இந்த வீட்டை விட்டுட்டுப் போகாதீங்க."

கடைசிக்கு முந்தின வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றார். கையில் துடைப்பம். கனகம், வயது ஐம்பத்து மூன்று. இரண்டு லாட்ஜுகளில் அறை சுத்தம் செய்யும் வேலை. கணவர் நகரத் துப்புரவு வேலையில் இருந்து, நான்கு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். இதெல்லாம் நான் கேட்டு அவர் சொன்னதில்லை. உள்ளே கால் வைத்ததும் அவரே வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

வீடு என்பது ஓர் அறையும் ஒரு சமையல் தடுப்பும். கட்டில் செங்கல் மேல் ஏறியிருந்தது, ஒவ்வொரு காலுக்கும் நான்கு கல். ஃபிரிட்ஜ் சிமெண்ட் கட்டை மேல். இரும்பு பீரோவின் அடிப்பாகத்தைத் துரு தின்று, கீழ்த்தட்டில் துணி வைக்க முடியாமல் பழைய குக்கர் மட்டும் இருந்தது. சுவரில் பென்சிலால் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தேதி.

"இது போன வருஷம். இது அதுக்கு முந்தி. இது இன்னிக்கி, இப்ப கொறச்சு எறங்கிருச்சு. எழுதிட்டீங்களா?"

எழுதினேன் என்றேன். உண்மையிலேயே எழுதிக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாகப் பேனா தானாக ஓடியது.

"மகன் தேவரால ஒத்த ரூம்ல இருக்கான். மருமகளுக்கு ஏழாம் மாசம். பிரசவம் முடிஞ்சு புள்ளைய இங்கதான் கொண்டு வரணும், அவளுக்கும் அம்மா இல்ல. இந்தத் தண்ணியில எப்படிக் கொண்டு வர? தரைய ரெண்டடி ஒசத்தினா போதும் மேடம். அதையும் எழுதுங்க."

அதையும் எழுதினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. விருந்தாளியிடம் மனசு திறந்து பேசுகிறார் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். பிறகு அவர் பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, ரேஷன் கார்டை நீட்டி, நம்பரை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

அப்போது தெரிந்துவிட்டது. வீடுகளில் தண்ணீர் புகும் அளவைக் கணக்கெடுக்க யாரோ வருவதாக இருக்கிறது, இவர் என்னை அந்த ஆள் என்று நினைத்துவிட்டார். ஏற்றம் வரும் நாளில், நோட்டோடு, வீடு வீடாக நின்று சுவரைப் பார்த்து எழுதுகிற பெண்ணை அந்தத் தெருவில் வேறு யாரென்று நினைப்பார்கள்?

ஒரு வார்த்தை போதும். "நான் ஆபீஸ் ஆள் இல்லம்மா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். சாப்பாட்டு மேஜையில் நிறுத்துகிறார்களே, அதுபோல. அவர் நம்பரைப் படித்து முடிக்கும்வரை எழுதுவதுபோலப் பேனாவை அசைத்தேன். "போட்டோ எடுக்கலையா?" என்று கேட்டார். சுவரைப் போட்டோ எடுத்தேன். இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது சரிதான்.

எட்டே காலுக்குத் தண்ணீர் இறங்கிவிட்டது. பத்து மணிக்கு அறைக்கு வந்து உட்கார்ந்தவள், சாயங்காலம் நான்கு வரை எழுந்திருக்கவில்லை. ஏழு பக்கம். இடையில் காதர் பாய் கொடுத்தனுப்பிய புட்டும் கடலையும் ஆறிப்போய்க் கிடந்தது. அன்று மாலை கடற்கரை வரை நடந்தேன், ஒரு வழி இரண்டரை கிலோமீட்டர், நாற்பது நிமிடம். திரும்பும்போது கனகத்தின் நினைப்பே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிவிட்டேன்.

புதன் காலையிலும் தண்ணீர் வந்தது. நான் இறங்கவில்லை. எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தேன். மதியம் கப்பையும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு (110 ரூபாய், மரவள்ளிக்கிழங்கு நன்றாக வெந்திருந்தது), மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது காதர் பாய் கடை வாசலில் நின்று சிரித்தார்.

"சேச்சி, நம்ம தெருவுக்கு விமோசனம் வந்தாச்சு. பதினோரு மணிக்கு ரெண்டு பொம்பளைங்க வந்து எல்லா வீட்டையும் எழுதி, வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. தண்ணி கேறுற வீட்டுக்கு எல்லாம் தரை ஒசத்த உதவி கிட்டுமாம். கடைக்கு இல்ல, வீட்டுக்கு மட்டும்."

பையைக் கூட வைக்காமல் ஓடைக்கரைக்குப் போனேன். ஒவ்வொரு கதவு நிலையிலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், அதில் கையால் எழுதிய எண். கனகம் வீட்டு நிலையில் மட்டும் ஸ்டிக்கர் இல்லை. அவர் வாசலிலேயே உட்கார்ந்து ஈரச் சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"வாங்க மேடம். உங்க ஆளுங்க காலைல வந்தாங்க. நான் சொல்லிட்டேன், எங்க வீட்டை நேத்தே பெரிய மேடம் வந்து எழுதி, போட்டோ எடுத்துட்டுப் போயாச்சுன்னு. மத்த குரூப்பு எடுத்திருக்கும்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க. உள்ள வாங்க, சாயா போடறேன்."

பிறகு நான் தெரிந்துகொண்டது இது: கணக்கெடுக்கிறவர்கள் இரண்டு இரண்டு பேராகத் தெருக்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். எடுத்தாயிற்று என்று வீட்டுக்காரர் சொன்னால் மறுபடி எடுப்பதில்லை. ஒரே வீடு இரண்டு தடவை ஏறிவிட்டால் அவர்களுக்குத்தான் தலைவலி. அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை.

சாயா கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். நின்றுகொண்டு சொல்லத் தைரியம் இல்லை.

"அப்ப நீங்க ஆபீஸ்லேந்து வரலையா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்கு எழுதினீங்க?"

"கதை எழுதறதுக்கு."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மகன்கிட்ட நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேன், நம்ம பேரு ஏறிருச்சுன்னு" என்றார். பிறகு என் கையிலிருந்த கிளாசைக் காட்டி, "குடிங்க, ஆறிடும்" என்றார். அந்தச் சாயாவை எப்படிக் குடித்தேன் என்று எனக்குத் தெரியாது. வெட்கம் என்ற சொல்லை நான் கதைகளில் நிறையத் தடவை எழுதியிருக்கிறேன்.

வியாழன் காலை 10 மணிக்கு இருவரும் வார்டு அலுவலகத்துக்குப் போனோம். நடந்து பதினைந்து நிமிடம். கனகம் அன்று ஒரு லாட்ஜில் லீவு சொல்லியிருந்தார். மேஜையில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். நான் தமிழில் சொன்னதைக் கனகம் மலையாளத்தில் சொன்னார், என் தப்பைக் கொஞ்சம் குறைத்தே சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. அலுவலர் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, அந்தத் தெருதான் கடைசி, நேற்று மாலையே எல்லாவற்றையும் மேலே அனுப்பி முடித்தாகிவிட்டது என்றார். அடுத்த கணக்கெடுப்பில் சேர்க்கலாமாம். அது எப்போது என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

ஒரு விண்ணப்பம் கொடுத்து வைக்கச் சொன்னார். நான் பேனாவை எடுத்தேன், கதை எழுதுகிறவள் என்ற வேகத்தில். கனகம் அதை வாங்கிக்கொண்டார். "எங்களுக்குத் தமிழ் பேச மட்டும்தான் மேடம். எழுத்து எல்லாம் மலையாளம்." ஒரு பக்கம்கூட வரவில்லை. எட்டு வரி. நீர் ஏறிய அளவு, தேதி, கட்டிலுக்கு எத்தனை கல், மருமகளுக்கு எத்தனையாவது மாதம். அலுவலர் படித்துவிட்டு முத்திரை போட்டுக் கோப்பில் வைத்தார். அந்தக் கோப்பு ஏற்கெனவே தடிமனாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். மூன்று இரவு அறை 2700, பஸ் போக வர ஏறக்குறைய 490, சாப்பாடு 900-க்குள். கார்த்திகை, மார்கழி பௌர்ணமி வாரத்தில் போனால் ரப்பர் செருப்பு வேண்டும், தோல் செருப்பு நாசமாகிவிடும். கீழ்த்தள அறை எடுக்காதீர்கள். கிட்டங்கித் தெருவில் காலை ஒன்பது வரை ஆட்டோ வராது. தமிழ் பேசினால் பெரும்பாலும் பதில் கிடைக்கும், இளைஞர்கள் கேட்டுப் புரிந்துகொண்டு மலையாளத்தில் பதில் சொல்வார்கள்.

எழுதுகிறவர்களுக்குத் தனியாக: கதை எங்கும் கிடக்கிறது என்று நான் முன்பு சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, கிடக்கத்தான் செய்கிறது. ஆனால் நோட்டைத் திறப்பதற்கு முன் நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். பாதிப்பேர் பேச மாட்டார்கள். அந்தக் கதைகள் நமக்கு இல்லை என்று விட்டுவிட வேண்டியதுதான். இன்னொன்று, தப்பு செய்துவிட்டால் நாளைக்குச் சொல்லலாம் என்று வைக்காதீர்கள். நான் செவ்வாய் மாலையே சொல்லியிருந்தால் புதன் பதினோரு மணிக்கு அந்த வீட்டுக்கும் ஸ்டிக்கர் விழுந்திருக்கும். ஆண்டு மலருக்குக் கதை இல்லை என்று ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். அதனால் கனகத்துக்கு ஒரு லாபமும் இல்லை என்பதும் தெரியும்.

அலுவலகத்திலிருந்து நேராகப் பஸ் நிறுத்தத்துக்குத்தான் வந்தோம். கனகம் இன்னொரு லாட்ஜுக்குப் போக வேண்டும், அதே வழி. வைட்டிலா பஸ் வரப் பத்து நிமிடம் இருந்தது.

"அந்த நோட்டுல என்னதான் எழுதினீங்க? வாசிங்க, கேக்கறேன்."

மறுக்க எனக்கு என்ன உரிமை? முதல் இரண்டு பக்கத்தைப் படித்தேன். லாரிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பீரோ வரும் இடத்தில் "ஆமா, அப்படித்தான்" என்றார். நிறுத்தியதும், "நல்லாத்தான் எழுதிருக்கீங்க" என்றார். பிறகு கேட்டார்.

"இந்தக் கனகம் யாரு?"

இந்தக் கட்டுரையிலும் நான் கனகம் என்றே எழுதிவருகிறேன். அது அவர் பெயர் இல்லை. செவ்வாய்க்கிழமை வாசலில் ஒரு தடவையும் ரேஷன் கார்டை நீட்டியபோது ஒரு தடவையும் அவர் தன் பெயரைச் சொன்னார். என் நோட்டில் அது எங்கும் இல்லை. அவர் வீட்டுக்குள் நின்றுகொண்டே, முதல் வரியிலேயே, கதைக்கு ஒத்துவரும் என்று கனகம் ஆக்கிவிட்டேன்.

"கதையில பேரை மாத்திடுவோம்மா. அதுதான் வழக்கம்."

"அப்ப இதுலயும் நான் இல்ல."

உங்கள் பெயரையே போடுகிறேன், வீட்டு எண்ணோடு போடுகிறேன், நிறையப் பேர் படிப்பார்கள் என்று ஏதேதோ சொன்னேன்.

"போட்டா லிஸ்ட்டுல ஏறுமா?"

"ஏறாதும்மா."

பஸ் வந்துவிட்டது. நான் படியில் ஏறிய பிறகு அவர் என் பையை எடுத்துக் கொடுத்தார்.

"அப்ப வேண்டாம் மேடம். அவ பேரே இருக்கட்டும். கதையிலயாவது அவ வாசல்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருங்க."